சுவருக்கு முன்பே ஒரு சத்தம்

அத்தியாயம் 11

"கையை அசைக்காதே அக்கா. ரெண்டே செகண்டு!"

"மூச்சைப் பிடிக்கணுமா?"

"விரலுக்கு எதுக்கு மூச்சு? வாயை மூடிக்கிட்டு இரு, போதும்."

"அதுதாண்டி கஷ்டம்."

உடன்பிறந்த மூவரில் நடுவள் தடுப்புக்குப் பின்னால் ஓடினாள். பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் ஒரு முறை முனகிவிட்டு அடங்கியது. அக்காவின் கழுத்து ஆபரேஷனுக்கு முன்னால் சிறுநீரக டாக்டர் கேட்டிருந்த கைப்படம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால். பதினொரு மணிக்குப் பெரியவள் மாடியில் டயாலிசிஸ் நாற்காலியில் இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் அங்கிருக்கும் நர்ஸ் கடித்துக் குதறிவிடுவார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தம்பி.

"சின்னக்கா, முடிவு பண்ணிட்டேன். இன்னைக்கு நாலு மணிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுடறேன்."

"டேய், ஒரு வாரம் டைம் கேட்கலாம்னுதானே பேசினோம்?"

"கேட்டு? ஒரு வாரத்துல அந்த நட்டு தானா முறுக்கிக்குமா?"

வைத்துவிட்டான்.

ஏழு வாரமாக அந்த வீட்டில் அந்த நட்டைச் சுற்றித்தான் எல்லாப் பேச்சும். பேசாமல் இருப்பதும் அதைச் சுற்றித்தான்.

பெரியவள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள். பதினெட்டு வருஷமாகப் பயிற்சிக் காரில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த சீட்டுக்குக் கீழே அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக். கற்றுக்கொள்கிறவர் கோட்டை விட்டால் இவள் மிதிப்பாள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'பிரேக் மேடம்'. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு மூன்று வருஷம் ஆகிறது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், மிச்ச நாளெல்லாம் வகுப்பு என்று அலட்டிக்கொள்ளாமல்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஏழு வாரத்துக்கு முன்பு ஒரு காலைப்பொழுதில், தெருத் திருப்பத்தில், அந்தக் கார் போய்ச் சுவரில் மோதியது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த மாணவி, அழகு நிலையம் நடத்தும் பார்லர்காரம்மாவுக்கு ஒரு கீறல் இல்லை. பெரியவளுக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிப் போனது. உள்ளே கம்பி வைத்து, வெளியே கட்டுப்போட்டு, சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்தக் காரின் பிரேக்கை இரண்டு நாள் முன்பு பிரித்து மாட்டியவன் கடைக்குட்டித் தம்பி. தெருக்கோடியில் சொந்தமாக ஒர்க் ஷாப் வைத்திருப்பவன். ஊருக்கே அவன் பெயர் ஸ்பேனர்.

மோதிய காரில் பிரேக் எண்ணெய்க் குழாய் கழன்று தொங்கியது. மோதியதால் கழன்றதா, கழன்றதால் மோதியதா என்று வாகன ஆய்வாளர் கேட்டார். வேறொருவனாக இருந்தால், மோதியதால்தான் என்று சத்தியம் செய்திருப்பான். ஸ்பேனர் உண்மையைச் சொல்லித் தொலைத்தான்: "கடைசி நட்டை முறுக்கினேனான்னு ஞாபகம் இல்ல சார்."

அவ்வளவுதான். தவறு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒர்க் ஷாப் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் அவன் பெயரில் ஒரு ஒர்க் ஷாப் திறக்க முடியாது.

இன்று நாலு மணி.

நடுவள் திரையைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

பதினோரு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள். எத்தனையோ ஆயிரம் கைகளைப் பார்த்தாயிற்று. விரல் எலும்புக்கு ஓரம் என்பது பென்சிலில் கோடு போட்ட மாதிரி இருக்கும். அக்காவின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும், கட்டைவிரலைப் பார்த்த பக்கம், அந்தக் கோட்டையே காணோம். கரையான் அரித்த காகிதம் போலப் பிசிறுபிசிறாக இருந்தது. விரல் நுனியில் எலும்பு கரைந்து மொட்டையாகியிருந்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? விரல் இருக்கா இல்லையா?"

"இருக்கு." நடுவள் சக்கர நாற்காலியின் பின்பையிலிருந்து பழைய கோப்பை உருவினாள். விபத்தன்று வேறொரு எலும்பு மருத்துவமனையில் எடுத்த கால் படம். அன்றைக்கே பார்த்த படம்தான். ஆனால் அன்று எல்லோருக்கும் கண் உடைந்த இடத்தின் மேலேயே இருந்தது. உடைந்த எலும்பை யாரும் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தாள். மெல்லிய எலும்பு. முறிவும் குறுக்கே ஒரே கோடு. சுவர் நசுக்கிய கால் இப்படி ஒடியாது. சில்லுசில்லாகச் சிதறும், தோல் கிழியும், கன்றிப்போகும்.

"அக்கா, அன்னைக்கு உன் காலைத் தொடைச்சு விட்டது நான்தான். ஒரு சிராய்ப்புகூட இல்லையே?"

"அதான் உடைஞ்சுதே. சிராய்ப்பு வேற வேணுமா உனக்கு?"

சொல்லிவிட்டுப் பெரியவள் கண்ணை மட்டும் மேலே ஓட்டினாள். எதையாவது மழுப்பும்போது அவளுக்கு அது வழக்கம். தலையைத் திருப்பமாட்டாள். இல்லாத கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதுபோல் மேலே ஒரு பார்வை பார்ப்பாள். முப்பது வருஷமாகத் தங்கைக்கு அந்தப் பார்வை அத்துப்படி.

"மணியாச்சு, தள்ளு நாற்காலியை" என்றாள் பெரியவள்.

தள்ளினாள். ஆனால் அக்காவை மாடியில் விட்டதும், அதே வேகத்தில் சிறுநீரக டாக்டரின் அறைக் கதவைத் தட்டினாள்.

* * *

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. அது நடுவளின் கண்ணில் பட்டது.

"நாளை மறுநாள் கழுத்துல ஆபரேஷன் வெச்சிருக்கோமே, எதுக்குன்னு தெரியுமா?"

"ஏதோ ஹார்மோன் கட்டின்னு அக்கா சொன்னா. டாக்டரைப் பார்க்க யாரும் கூட வரக்கூடாதுங்கறது அவளோட சட்டம், சார்."

டாக்டர் சிரித்தார். "எனக்கே கிளாஸ் எடுக்கிறவங்களாச்சே. சரி, கேளுங்க. கழுத்துல, தைராய்டுக்குப் பின்னாடி, நாலு சின்னச் சுரப்பி இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு அரிசி அளவு. ரத்தத்துல கால்சியம் குறையாம பார்த்துக்கறதுதான் அதுங்க வேலை. குறைஞ்சா ஒரு ஹார்மோனை விடும். எலும்பு அதைக் கேட்டு, தன் கையிருப்புல கொஞ்சம் எடுத்துக் கொடுக்கும்."

"சரி."

"கிட்னி போச்சுன்னா பாஸ்பரஸ் வெளிய போக வழியில்ல, ரத்தத்துல தேங்கிடும். வைட்டமின் டி-யைப் பக்குவப்படுத்தி வேலைக்கு அனுப்பறதும் கிட்னிதான். அதுவும் நின்னு போகும். அது இல்லாம குடல் கால்சியத்தைச் சரியா உறிஞ்சாது. அப்ப சுரப்பி என்ன பண்ணும்? ஹார்மோனைக் கூட்டும்."

"எலும்பு கொடுத்துடும்."

"அங்கதான் வில்லங்கம். கிட்னி கெட்டவங்க எலும்புக்குக் காது கொஞ்சம் மந்தம். நமக்கெல்லாம் போதுற ஹார்மோன் அதுக்குப் பத்தாது. சுரப்பி இன்னும் கத்தும், இன்னும் கத்தும். வருஷக்கணக்கா கத்திக் கத்தி அரிசி வீங்கி மொச்சைக்கொட்டை ஆயிடும். அப்புறம் நாம நிறுத்துன்னாலும் நிறுத்தாது. எலும்பு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே போகும். அந்த ஹார்மோன் அறுபத்தஞ்சுக்குள்ள இருக்கணும். டயாலிசிஸ் பண்றவங்களுக்கு ஐநூறு வரைக்கும்கூட விட்டுப் பார்ப்போம். உங்க அக்காவுக்கு ஆயிரத்து எண்ணூறு."

"சார், நேராவே கேட்கறேன். இந்த மாதிரி எலும்பு, சுவர்ல மோதாமலேயே உடையுமா? ஒரு பெடலை ஓங்கி மிதிச்சா?"

டாக்டர் படத்தை மேஜையில் வைத்தார்.

"உடையலாம்" என்றார். "உங்க அக்கா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"எதை?"

"சொல்லலைன்னா, அதை அவங்கதான் சொல்லணும். நான் சொல்லக்கூடாது." ஒரு தாளை இழுத்து எழுதத் தொடங்கினார். "எலும்போட நிலைமையை மட்டும் எழுதித் தர்றேன். யார்கிட்ட வேணும்னாலும் காட்டுங்க."

தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள் படிக்கட்டிலேயே நின்று தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், கேளு. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறே, இன்ஜின் கத்துது, வண்டி நகரல. என்ன கோளாறு?"

"கிளட்ச் ஸ்லிப். எல்.கே.ஜி. கேள்வி."

"இன்னும் அழுத்தி மிதிக்கிறே."

"இன்னும் அலறும். தேயும். கருகல் வாசனை வரும். எதுக்குக்கா இப்ப?"

"அக்காவோட எலும்புல மூணு வருஷமா அதான்டா நடக்குது. ஹார்மோன் அலறுது, எலும்பு நகரல, தேய்ஞ்சு தேய்ஞ்சு ஒண்ணுமில்லாம போயிருக்கு. அந்தக் கால் மோதினதால உடையல. பிரேக்கை மிதிச்சப்பவே உடைஞ்சிருக்கு. காலே போனப்புறம் பிரேக் எப்படிடா பிடிக்கும்? உன் மேல தப்பே இல்ல!"

மறுமுனையில் இரும்புத் தட்டில் ஒரு சாவியை வைக்கும் சத்தம் கேட்டது.

"சின்னக்கா, நீ எனக்காகத் தேடித் தேடிக் கண்டுபிடிச்சிருக்கே. சந்தோஷம். ஆனா வீக்கான எலும்பு சுவர்ல மோதினா இன்னும் சுளுவா உடையும். அந்தச் சுவர் வரைக்கும் வண்டியைக் கொண்டு போனது யாரு? என் நட்டு. அக்கா ஒரு வார்த்தை என்னைத் திட்டலை, தெரியுமா? அதான் தாங்க முடியல. போனை வெக்கறேன்."

மறுபடி கூப்பிட்டாள். அணைத்துவிட்டிருந்தான்.

* * *

டயாலிசிஸ் வார்டில் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வந்தது. கையில் இரண்டு ஊசி, பக்கத்தில் சுழலும் இயந்திரம், மடியில் தட்டு. பெரியவள் இடது கையால் ரொட்டியைப் பிய்த்து முட்டையின் வெள்ளைக்கருவோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தாள்.

"மாத்திரை எங்கே?" என்றாள் நடுவள்.

"எந்த மாத்திரை?"

"பாஸ்பரஸ் மாத்திரை. சாப்பாட்டோட போடறது."

"அதெல்லாம் காலையில ஆறு மணிக்கே மூணையும் சேர்த்துப் போட்டாச்சு. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஆயில், தண்ணி, காத்துன்னு மூணையும் பார்த்துடற மாதிரி. எடுத்தப்புறம் நடுவழியில நிறுத்தி நிறுத்தியா பார்ப்பாங்க?"

பக்கத்துப் படுக்கையைக் கவனித்துக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பினார். "என்னது? வெறும் வயித்துலயா?"

"வெறும் வயித்துலதான். எத்தனை மணிக்குச் சாப்பாடு கிடைக்கும்னு என் வேலையில யாருக்குத் தெரியும்? அதான் முதல் வேலையா முடிச்சுடறது."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டரை வருஷமா. ஒரு நாள் தவறினதில்ல" என்றாள் பெரியவள் பெருமையாக.

நர்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். "மேடம், அந்த மாத்திரை சாப்பாட்டுல இருக்கிற பாஸ்பரஸை வயித்துலயே பிடிச்சு வெளிய தள்ளறதுக்கு. சாப்பாடே இல்லாதப்ப அது யாரைப் பிடிக்கும்? ஜனமே வராத ஸ்டாப்புல விடியக்காலையில பஸ்ஸை நிறுத்திட்டு, ஜனம் வர்ற நேரத்துக்கு ஷெட்டுக்குப் போயிட்ட மாதிரி இருக்கு!"

பெரியவளின் கை தட்டிலேயே நின்றது. தன் வாழ்க்கையில் அவள் ஒரு முறைகூட வரிசை தப்பியதில்லை. சீட், கண்ணாடி, பெல்ட், சாவி, கியர். பதினெட்டு வருஷமாக எத்தனையோ பேருக்கு அதையே ஓதியவள்.

"ஏன் யாரும் சொல்லல?"

"பெட்டியிலயே எழுதியிருக்குமே. மாத்திரை போடறேன்னு சொன்னீங்க. எப்பப் போடறீங்கன்னு நாங்களும் கேட்கலை, தப்புதான். ஆனா இனிமே முதல் வாய் சோத்தோட மாத்திரை. மறந்தீங்கன்னா நானே உங்களைப் பெயிலாக்கிடுவேன்."

நர்ஸ் நகர்ந்ததும் நடுவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, தம்பி இன்னைக்குக் கையெழுத்துப் போடப் போறான்."

"போடட்டும். ஒரு எச்சரிக்கைக் கடிதம். வாங்கி மடிச்சு வெச்சுக்க வேண்டியதுதான்."

"எச்சரிக்கையா? யார் சொன்னது?"

"அவன்தான் சொன்னான்."

"உன்கிட்ட அப்படிச் சொல்லி வெச்சிருக்கான். எச்சரிக்கையெல்லாம் இல்ல. உரிமத்தையே திருப்பிக் கொடுக்கறான். ஒர்க் ஷாப் போச்சு. இனிமே வேற எவன் பட்டறையிலயாவது போய்ப் பழைய டயர் உருட்ட வேண்டியதுதான்."

இயந்திரம் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. நர்ஸ் ஓடி வந்தார். பெரியவள் நாற்காலியிலிருந்து எழ முயன்றதில் ரத்தக் குழாய் மடிந்துவிட்டிருந்தது.

"இதைக் கழட்டுங்க சிஸ்டர். எனக்கு இப்பப் போகணும்."

"உட்காருங்க மேடம். இந்த வண்டியில உங்க பக்கம் பிரேக் கிடையாது. மூணு மணி வரைக்கும் நான்தான் டிரைவர்."

பெரியவள் உட்கார்ந்தாள். மாடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அப்புறம் தங்கையைப் பார்த்தாள்.

"அந்தப் பயல் என்னை ஏமாத்திட்டானா?"

"நீ வருத்தப்படக்கூடாதுன்னு மறைச்சான். நீ எதை மறைக்கிறே?"

பெரியவளின் கண் மேலே போனது. பாதியில் கீழே இறங்கியது.

"மூணு மணிக்கு வண்டி ஏற்பாடு பண்ணு" என்றாள். "நாம போறோம்."

"போய் என்ன சொல்றது?"

"அங்க சொல்றேன்."

* * *

நடுவள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வராந்தாவுக்குப் போய் பார்லர்காரம்மாவைப் பிடித்தாள். பின்னணியில் முடி காயவைக்கும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"யாரு? பிரேக் மேடம் தங்கச்சியா? மேடம் எப்படி இருக்காங்க? நான் இப்ப ஒருத்தங்க தலையில சாயம் பூசியிருக்கேன், இருபது நிமிஷத்துல கழுவலைன்னா ஊதா ஆயிடும். சீக்கிரம் சொல்லுங்க."

"ஒரே கேள்வி. மேடம் எப்பக் கத்தினாங்க? வண்டி மோதினப்புறமா, முன்னாடியா?"

"முன்னாடிதான். கத்தினதாலதானே நான் பயந்துபோய் ஸ்டீயரிங்கை விட்டுட்டுக் காதைப் பொத்திக்கிட்டேன். வண்டி அதுபாட்டுக்குப் போய்ச் சுவர்ல டமால்னு முட்டுச்சு."

"இதை அவங்க விசாரிச்சப்ப ஏங்க சொல்லல?"

"ஸ்டீயரிங்கை விட்டுட்டேன்னு நானே போய்ச் சொல்வேனா? லைசென்ஸ் தருவானா அப்புறம்? இருங்க, இன்னொண்ணு. மேடம் கத்தறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் வந்துச்சு. காய்ஞ்ச குச்சியை முறிச்ச மாதிரி, மளுக்னு. வண்டிக்கு அடியில ஏதோ போச்சுன்னு நெனச்சேன்."

நடுவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அதை எழுதித் தருவீங்களா?"

"என் லைசென்ஸ்..."

"என் தம்பியோட பட்டறை போகுதுங்க."

"ஸ்பேனரோடதா? என் ஸ்கூட்டரைப் பார்க்கிறதே அவன்தானே! இந்தத் தலையைக் கழுவி விட்டுட்டு வாட்ஸ்அப்புல அனுப்பறேன். லைசென்ஸ் கிடக்குது போ, இன்னொரு தடவை படிச்சுக்கறேன்."

* * *

மூன்று மணிக்கு ஊசி கழன்றது. ரத்தம் நிற்கப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பெரியவள் எட்டே நிமிஷம்தான் பிடிப்பேன் என்றாள். நர்ஸ் பன்னிரண்டு நிமிஷம் பிடிக்க வைத்தார். சக்கர நாற்காலியை வேனில் ஏற்றி, இரண்டு சிக்னலில் மாட்டி, வாகன அலுவலக வாசலில் இறங்கும்போது நாலாக ஐந்து நிமிஷம்.

வாசலில் மூன்று படிகள். நடுவள் விழித்தாள்.

"பின்பக்கம் பரிசோதனைக்கு வண்டி போற சாய்வுப் பாதை இருக்கு. அதுல விடு. பதினெட்டு வருஷமா எனக்குத் தெரியாத அலுவலகமா?"

சாய்வுப் பாதையின் ஓரத்தில், மழையில் நனைந்து தூசியேறி, மூக்கு நசுங்கிய பயிற்சிக் கார் நின்றிருந்தது. பெரியவள் அதைக் கடக்கும்போது கையை நீட்டிக் கதவைத் தொட்டாள்.

உள்ளே ஆய்வாளரின் மேஜைக்கு முன்னால் ஸ்பேனர் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அவன் வெள்ளைச் சட்டை போட்டு அக்காக்கள் பார்த்ததே இல்லை. முதல் தாளில் கையெழுத்துப் போட்டாயிற்று. இரண்டாவது தாளைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"டேய் ஸ்பேனர்! பேனாவைக் கீழே வை."

பதினெட்டு வருஷப் பயிற்சிக் குரல். பேனா தானாகக் கீழே விழுந்தது. பக்கத்து மேஜைக்காரர்கூடக் கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்துவிட்டார்.

நடுவள் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினாள். கைப்படம், கால்படம், டாக்டரின் தாள், போனில் பார்லர்காரம்மாவின் வாக்குமூலம். மூச்சு விடாமல் சொன்னாள். ஆய்வாளர் பொறுமையானவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் பார்த்தார்.

"அம்மா, எலும்பு பலவீனம்னு டாக்டர் எழுதியிருக்கார். ஒத்துக்கறேன். ஆனா பலவீனமான எலும்பு, மோதினாலும் உடையும். மளுக்னு சத்தம் வந்துச்சு சரி. அது எலும்புதான்னு யார் சொல்றது? பிரேக் குழாய் கழன்ற சத்தமா இருந்தா?"

ஸ்பேனர் தலையைக் குனிந்துகொண்டான். காலையில் அவன் சொன்ன அதே வாதம்.

"நான் சொல்றேன்" என்றாள் பெரியவள்.

கண் மேலே போகவில்லை. நேராக ஆய்வாளரைப் பார்த்தாள்.

"பிரேக் பிடிச்சுது சார். நான் மிதிச்சேன், நல்லா கல்லு மாதிரி பிடிச்சுது. வண்டி பாதி வேகத்துக்கு வந்துருச்சு. அப்பதான் என் கால்ல மளுக்னு கேட்டுச்சு. கால் பெடலை விட்டுச் சரிஞ்சுருச்சு. அப்புறம் கத்தினேன். அப்புறம்தான் சுவர். இவன் மாட்டின பிரேக்ல ஒரு குறையும் இல்ல. குறை என் கால்ல."

ஸ்பேனர் நிமிர்ந்தான். ஏழு வாரமாகக் கூன் போட்டிருந்த முதுகு மெல்ல நிமிர்வதை நடுவள் பார்த்தாள்.

ஆய்வாளர் மட்டும் விடவில்லை. "இதை ஏழு வாரமா ஏம்மா சொல்லல? இப்பத் தம்பிக்கு ஆபத்துன்னதும் சொல்றீங்க. நான் எப்படி நம்பறது?"

"நியாயமான கேள்வி." பெரியவள் தம்பியிடம் திரும்பினாள். "உன்கிட்ட வண்டியோட மாத்துச் சாவி இருக்குல்ல? போ. டேஷ்போர்டுப் பெட்டியைத் திற. தூசி தட்டற துணிக்குக் கீழே ஒரு கவர் இருக்கும். எடுத்துட்டு வா."

ஸ்பேனர் தயங்கினான். ஏழு வாரமாக அவன் அந்தக் காரின் பக்கமே போகவில்லை. அப்புறம் எழுந்தான். ஜன்னல் வழியாக மூவரும் பார்த்தார்கள். கோணிப்போன கதவை அவன் தோளால் நெம்பித் திறந்தான். பாதி உடம்பு உள்ளே போனது.

வெளியே வந்தவன் கையில் ஒரு பழுப்பு நிறக் கவர். நடந்துகொண்டே பிரித்தான். நடந்துகொண்டே படித்தான். நடை வாசலிலேயே நின்றது.

"என்னடா?" என்றாள் நடுவள்.

அவன் வாய்விட்டுப் படித்தான். குரல் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது.

"'...எலும்பின் உறுதி அபாயகரமாகக் குறைந்துள்ளது. பிரேக் மிதிக்கும் அழுத்தமே முறிவை உண்டாக்கலாம். பயிற்சி வாகனத்தில் அமர்வதை இன்றே நிறுத்த வேண்டும்...'" தாளின் தலைப்பைப் பார்த்தான். "நம்ம கிட்னி டாக்டர் கையெழுத்து."

"தேதி?" என்றார் ஆய்வாளர்.

நடுவள் எட்டிப் பார்த்தாள். அந்தத் தேதி அந்தக் குடும்பத்தில் யாருக்கும் மறக்காது. வண்டி சுவரில் மோதிய தேதி.

காலையில் டாக்டர் முழுங்கிய வாக்கியம் இதுதான் என்று நடுவளுக்கு இப்போது புரிந்தது.

ஆய்வாளர் கையெழுத்தான முதல் தாளையும் கையெழுத்தாகாத இரண்டாம் தாளையும் சேர்த்து எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். புதிதாக ஒரு வெள்ளைத் தாளைப் பெரியவளின் முன்னால் நகர்த்தினார்.

ஸ்பேனர் கடிதத்தோடு அக்காவிடம் வந்தான்.

"கவரைப் பிரிக்காமதானேக்கா உள்ள போட்டு வெச்சே?" என்றான். கெஞ்சுகிற குரல். "அப்புறமா படிக்கலாம்னுதானே? வண்டியில ஏறினப்ப உனக்கு இது தெரியாதுதானே?"

பெரியவள் வெள்ளைத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கீழே கிடந்த பேனாவைக் காட்டினாள். நடுவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"படிச்சேண்டா" என்றாள் பெரியவள். "பார்லர்காரம்மா சாவியைத் திருகறதுக்கு முன்னாடி. நான் பெல்ட் போடறதுக்கு முன்னாடி. ரெண்டு தடவை படிச்சேன்."